எந்தப் பக்கத்து ஜன்னல்?

டிக்கெட் போட்டதும் வீட்டு வாட்ஸப் குரூப்பில் வரும் முதல் கேள்வி, "விண்டோ சீட் எடுத்தாச்சா?" எந்தப் பக்கத்து விண்டோ என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பக்கம் பார்க்காமல் காசு கட்டி எடுக்கும் ஜன்னல் சீட் தண்டச் செலவு.

கொழும்பு போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கண்ணை அகற்றாமல் பார்க்க வேண்டியது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டருக்கு விட்டுவிட்டுக் கிடக்கும் மணல் திட்டுகள். நம்ம ராமர் பாலம்தான். சென்னையிலிருந்து போனால் திட்டுகள் மேற்கே இருக்கும், அதாவது வலப்பக்கம், எஃப் சீட். திருச்சியிலிருந்து போனால் கதை தலைகீழ். ராமேஸ்வரத்தை ஒட்டித் தென்கிழக்காகப் போவதால் திட்டுகள் இடப்பக்கம், ஏ சீட். ஆகவே "கொழும்புக்கு எந்தப் பக்கம் நல்லது?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். மேப்பைத் திறந்து இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அன்றைக்கு விமானத்தைக் கொஞ்சம் வளைத்து விட்டாலும், பெரும்பாலும் அந்தக் கோடு ஏமாற்றாது.

கோடு போட்டாச்சா, அடுத்தது வெயில். சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் சூரியன் இடப்பக்கம். வலப்பக்கம் இருப்பவருக்குக் கண் கூசாது. ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் வெளிர்பச்சையாகத் தெரியும், திட்டின் ஓரத்தில் அலை உடைவது தெரியும். நல்ல தெளிவு இருந்தால் அரிச்சல்முனை ரோடு கறுப்பு நூல் மாதிரி ஓடி ஒரு வட்டத்தில் முடிவது வரைக்கும் தெரியும். அதே சீட்டில் சாயங்காலம் உட்கார்ந்தால் கடல் முழுக்கத் தகதகப்புதான், திட்டு எது தண்ணீர் எது என்றே பிரியாது. திருச்சிக்காரர்களுக்கு இதுவும் நேர்மாறு. வெயில் படாத பக்கத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. கீழே மேகம் இருந்தால் நம் விமானத்தின் நிழல் அதன்மேல் விழும், சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் கூடவே வரும். வெயில் பக்கம் இருப்பவர் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அது கிடைக்காது.

டெல்லியிலிருந்து, டார்ஜிலிங் போக இறங்கும் பாக்டோக்ராவுக்கு யோசிக்கவே வேண்டாம், இடப்பக்கம். விமானம் கிழக்கே போகிறது, இமயமலை வடக்கே. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அக்டோபர், நவம்பரில் நம்மைப் பார்த்த சரிவுகளில்தான் வெயில் விழும், மழைக்காலம் முடிந்து காற்றும் சுத்தமாக இருக்கும். காஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். அதிர்ஷ்டம் இருந்தால் எவரெஸ்டும் தலைகாட்டும். இதே பாக்டோக்ராவுக்குச் சென்னையிலிருந்து நேராகப் போகிறவர்கள் ஜன்னலுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். மலை நேர் எதிரே இருக்கிறது. பைலட் பார்ப்பார்.

இறக்கை விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஏறக்குறைய 10-ஆவது வரிசையிலிருந்து 20 வரை இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் போய் உட்கார்ந்தால் என்ஜின் சூட்டில் காட்சி லேசாக நெளியும், போட்டோ பைத்தியம் உள்ளவர்கள் முன்னால் எடுங்கள். புரொப்பல்லர் சுற்றும் ஏடிஆர் விமானத்தில் இந்தத் தொல்லையே இல்லை. இறக்கை தலைக்கு மேலே, பறப்பதும் தாழ்வாக. சின்ன விமானம் என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

போயிங் 737-இல் மட்டும் உஷார். ஏசி காற்றுக் குழாய் சுவருக்குள் மேலே ஏறும் இடத்தில் ஜன்னலே வைக்க மாட்டார்கள். சீட் மேப்பில் அது விண்டோ என்றுதான் இருக்கும், போய் உட்கார்ந்தால் வெறும் சுவர். இப்படிச் சுவரைக் காட்டிக் காசு வாங்கினார்கள் என்று 2025-இல் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் இரண்டின் மீதும் வழக்கே போட்டிருக்கிறார்கள். நியாயமான வழக்கு என்பேன்.

ராத்திரி விமானம் என்றால் எனக்கு ஐல் சீட் போதும். யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போய் வரலாம்.