தாலிக்கொடியை வைத்து ஊடகம் படிக்கலாமோ?

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற என்னை எங்கள் ஒழுங்கை அக்கா ஒருவர் மறித்தார். "தம்பி, நீர் பேப்பரிலை வேலை செய்தனீர்தானே? இவள் பிள்ளை ஊடகம்தான் படிப்பன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள். கம்பஸ் கிடைக்க உயர்தரப் பரீட்சை இசட் ஸ்கோர் காணாது. கொழும்பிலை தனியாரிலை எல்லாம் சேத்து 12 லட்சம் வருமாம். தாலிக்கொடியைப் பாங்கிலை வைப்பமோ எண்டு யோசிக்கிறன்."

சந்தைக்குள் நின்று சொல்லக்கூடிய பதிலா அது? "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறன் அக்கா" என்று வந்துவிட்டேன். அங்கே சொல்லப்போவதை இங்கே ஒருக்கா எழுதிப் பார்க்கிறேன்.

பிள்ளை லண்டன் மச்சாளைக் காட்டுகிறாளாம், அவளும் கடனில்தானே படிக்கிறாள் என்று. சொல் ஒன்று, சங்கதி வேறு. இங்கிலாந்தில் 2025 இல் ஒரு வருடக் கட்டணம் 9,535 பவுண்ஸ் வரை. மூன்று வருடம் அதே கணக்கில் போனால் 28,605. சாப்பாடும் அறை வாடகையும் வேறு. கேட்டாலே தலை சுற்றும். ஆனால் 2023 ஓகஸ்ட்டுக்குப் பிறகு தொடங்கியவர்கள் வருடச் சம்பளம் 25,000 தாண்டினால்தான் கட்டவேண்டும், அதுவும் தாண்டிய தொகையில் 9 வீதம். சின்னப் பத்திரிகை ஒன்றில் 27,000 க்குச் சேர்கிற பிள்ளைக்கு மாதம் 15 பவுண்ஸ். வேலை போனால் சம்பளத்தில் கழிப்பதும் நிற்கும். 40 வருடத்தில் மிச்சத்தை அழித்துவிடுவார்கள்.

எங்கள் பாங்க் அப்படிப் பொறுக்காது. 12 லட்சத்தை 12 வீத வட்டிக்கு 5 வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறத்தாழ 26,700. வேலை கிடைத்தாலும் கட்டவேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்டவேண்டும். தவறினால் பிணை நின்ற மாமாவுக்குக் கடிதம் போகும். நகையென்றால் ஏலம். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கவென்று 2017 இல் அரசு தொடங்கிய வட்டியில்லாக் கடன் இருக்கிறதுதான். வட்டி இல்லை, முதல் இருக்கிறதே. 12 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் 20,000.

யாழ் கம்பஸில் ஊடகக் கற்கைகள் கிடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். கட்டணம் இல்லை. மகாபொல என்ற உதவிப்பணம் கிடைத்தால் பஸ்ஸுக்கும் கொத்துரொட்டிக்கும் ஏதோ காணும். அப்படிப் படித்து வந்த எனக்குத் தெரிந்த பலர் இன்றைக்குப் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். அந்த வேலையும் சும்மா வரவில்லை, 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் மாதக்கணக்காக இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தலையில் கடன் இல்லாதபடியால் பாதை மாற முடிந்தது.

நான் தொடங்கியது, ஒரு செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில். படத்தோடு போனால் கொஞ்சம் கூட. பெற்றோல் என் காசு, மோட்டார் சைக்கிள் லீசிங்கில். ஒருமுறை வலிகாமத்தில் நுண்கடன் எடுத்த பெண்கள் நாலு பேரோடு இரண்டு நாள் இருந்து எழுதினேன். வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் வரையான நுண்கடனை 2018 இல் அரசு தள்ளுபடி செய்ததற்கு முந்திய கதை இது. வாரக் கட்டுக்காசுக்கு ஆள் வருகிற சத்தம் கேட்டால் ஒரு அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வேலியால் போய்விடுவார். புகை வந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். அதையும் எழுதியிருந்தேன். செய்தி வரவில்லை. அந்தக் கடன் கொம்பனியின் விளம்பரம்தான் வந்தது, அரைப்பக்கம், நிறத்தில்.

மேசையில் அடித்துக் கேட்டிருக்கவேண்டும். எனக்கு லீசிங் இரண்டு தவணை பின்னுக்கு. பேசாமல் அடுத்த நாள் ஒரு பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போய்ப் படம் எடுத்தேன்.

அக்காவிடம் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். மற்றப் படிப்புக்குக் கடன் பட்டால் கஷ்டம் வீட்டோடு நிற்கும். இந்தத் தொழிலில் மாதம் 20,000 கட்டவேண்டிய பிள்ளையால் ஆசிரியரிடம் "ஏன் போடயில்லை" என்று கேட்க முடியாது. ஊடகச் சந்திப்பு முடிய காசு வைத்து நீட்டுகிற என்வலப்பைத் திருப்பிக் கொடுக்கவும் கை கூசும்.

(யாழ்ப்பாணத்துச் செய்தியாளர் நிமலராஜன் சுடப்பட்டது 2000 இல், உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டது 2006 இல். அந்தக் காலத்துத் தாய்மார் இந்த வேலை வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. இப்போது காசைக் கேட்கிறார்கள். அதுவும் ஒரு நிம்மதிதான்.)

பிள்ளையின் ஆசையை முறிக்கச் சொல்லவில்லை. கம்பஸுக்குப் போகாமல் வெளியில் இருந்து படிக்கிற வெளிவாரிப் பட்டம் ஒன்றுக்குப் பதியட்டும். சிங்களம் ஒழுங்காகப் படிக்கட்டும். நீதிமன்றச் செய்தியும் வரவுசெலவுத் திட்டமும் விளங்கி எழுதத் தெரிந்த, சிங்களமும் பேசுகிற தமிழ் நிருபர் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? அதற்கு 12 லட்சம் தேவையில்லை. தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கையில் இல்லை, இந்தத் தொழிலின் சம்பளக் கணக்கு. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர் எவ்வளவு உழைக்கிறார், எவ்வளவு கடன் என்று அமெரிக்க அரசு இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. இங்கே அக்காவுக்கு இருக்கிறது என் வாய்தான், நானோ பழைய ஆள். அதனால் இப்போது செய்தியறையில் இருக்கிற தம்பி தங்கச்சிமார், உங்கள் முதல் மாதச் சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் கீழே எழுதுங்கோ. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தொகை மட்டும். சனி இரவுக்குள் வந்தால் ஒரு தாளில் எழுதி ஞாயிறு கொண்டுபோவேன்.