‘டிட்’டுக்குப் பின்னால் ‘வென்ட்’ எதற்கு?

தண்டையார்பேட்டைச் சந்து ஒன்றில், ஒரே மாதத்தில் சரளமான ஆங்கிலம் கற்றுத் தருவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்பின் சுவரொட்டியில், ‘வொய் டிட் யூ வென்ட் டு அதர் கிளாசஸ்?’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, பசை வழிய வழிய மின்பெட்டி மீதுகூட ஒட்டியிருக்கிறார்கள்.

இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும்போது, அடுத்து வரும் வினை ‘கோ’ என்று வெறுமனே நின்றால் போதும். நாமும் ‘போகவில்லை’ என்கிறோமே தவிர, ‘போனவில்லை’ என்று ராயபுரத்துக் குழந்தைகூடச் சொல்வதில்லை. (இத்தனைக்கும் அந்த ‘வென்ட்’, ‘கோ’வின் சொந்தப் பிள்ளையே அல்ல, வேறொரு பழைய வினையிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.) பேச்சில் நாக்கு தடுமாறினால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பவர்களே இப்படி அச்சடிப்பதைத்தான் சகிக்க முடியவில்லை. கேட்டால், ‘புரியுதுல்ல சார், அப்புறம் என்ன?’ என்கிறார் அங்கே ரசீது போடுபவர்.