கூஸ்தோவின் குசினியில் கோப்பை கழுவுவது யார்?

சமையல்காரர்களைப் பற்றி வந்த படங்களில் எது திறம் என்று கேட்டால், குசினிக்குள் வெந்த ஷெஃப்மார் பலர் 2007இல் வந்த 'ரட்டட்டூயி' கார்ட்டூனைத்தான் சொல்வார்கள். எலி சமைக்கிற கதைதான், ஆனால் சும்மா எடுத்த படமில்லை. தயாரிப்பாளர் கலிபோர்னியாவில் தோமஸ் கெல்லர் என்ற பேர்போன ஷெஃபின் உணவகக் குசினிக்குள் போய் நின்று வேலை பழகியிருக்கிறார். கதையில் வருகிற பொல்லாத சாப்பாட்டு விமர்சகரைக் கடைசியில் சின்னப் பிள்ளையாக்கிவிடுகிற சாப்பாடு, கத்தரிக்காயும் தக்காளியும் சுக்கினியும் மெல்லிசாக வெட்டி அடுக்கியது, அதுவும் கெல்லர் படத்துக்காக அமைத்துக் கொடுத்ததுதான்.

படத்தில் சமையல்காரியாக வருகிற கொலெத் என்ற பெண்ணின் கையைப் பாருங்கள், மெல்லிய தீக்காயத் தழும்பு இருக்கும். அமெரிக்க ஷெஃபும் எழுத்தாளருமான அந்தனி போர்டெய்ன் படத்துச் சமையல்காரர்களின் கைகளில் இருக்கிற இப்படியான தழும்புகளைக் கவனித்துப் பாராட்டியவர். புதிதாக வந்த பெடியன் லிங்குவினிக்கு அவள் முதலில் படிப்பிப்பது ருசியை இல்லை. மேசையைத் துப்புரவாக வைத்திரு, கையை உடம்போடு ஒட்டி வை, அவ்வளவுதான். நெருப்பும் கத்தியுமாக ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற இடத்தில் வேறு எதைத்தான் முதலில் சொல்வது? சோஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர் என்று பட்டாளத்தில் சமைத்த பிரெஞ்சு ஷெஃப் எஸ்கோஃபியே வகுத்துவிட்டுப் போன அடுக்கு இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

சரி, எல்லாம் சரி. கோப்பை கழுவுகிறவன் எங்கே?

கதை நடப்பது பாரிஸில். எண்பதுகளில் இருந்து இந்த ஊர் ரெஸ்ரோரண்டுகளின் சிங்குக்கு முன்னால் எங்கட ஈழத்து ஆட்கள் நிற்கிறார்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மொழி தெரியாமல் நிற்கிறவனுக்கு அகப்படுகிற முதல் வேலை அதுதான், நானும் நின்றிருக்கிறேன். "ஷோ!", சூடு என்று, கத்திக்கொண்டே அடிப்பிடித்த சட்டியை ஒருவன் சிங்குக்குள் எறிவான், தண்ணீர் சீறும், அதற்குள் மெஷின் மூடி திறந்து ஆவி முகத்தில் அடிக்கும், பீங்கான்களைச் சூடு ஆறுமுன் அடுக்கிக் கொடுக்காவிட்டால் அங்கால் சர்வீஸ் நின்றுவிடும். ஷெஃப் இல்லாவிட்டாலும் ஒரு இரவை ஒப்பேற்றலாம், கோப்பை கழுவுகிறவன் வராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

படத்தில் லிங்குவினி குப்பை அள்ள வந்தவன்தான். ஆனால் ஒரே ஒரு சூப்போடு சமையல்காரனாகிவிடுகிறான்! எங்கட ஆட்களுக்குச் சிங்கில் இருந்து சலட் மேசைக்குப் போகவே வருஷக் கணக்கு. போனவர்கள் இருக்கிறார்கள், பிரெஞ்சுக்காரனே தோற்கிற மாதிரி சோஸ் வைக்கிற யாழ்ப்பாணத்தார் எனக்குத் தெரியும். ஆனால் கடைக் கண்ணாடியில் எழுதியிருக்கிற பெயர் முதலாளியுடையது. யாரும் சமைக்கலாம் என்ற, படத்தில் அந்த உணவகத்தை நிறுவிய ஷெஃப் கூஸ்தோவின் கொள்கை நல்ல கொள்கைதான், கழுவுவது யார் என்று கூஸ்தோ சொல்லவில்லை. இத்தனைக்கும் போர்டெய்னே கோப்பை கழுவித்தான் தொழிலுக்குள் வந்தவர்.

கார்ட்டூனில் போய் இதையெல்லாம் தேடுகிறாயே என்று கேட்கலாம். கைத்தழும்பு வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைந்தவர்களுக்கு அந்த மூலை கண்ணில் பட்டிராதா? மற்றப் படங்களிடம் நான் இதைக் கேட்கவே மாட்டேன், அவர்கள் அடுப்பையே ஒழுங்காகக் காட்டுவதில்லை.

கடைசியில் எலிகள் கூட்டமாகக் கோப்பை கழுவுகிற மெஷினுக்குள் புகுந்து ஆவியில் குளித்துவிட்டுச் சமைக்க வரும். வீட்டில் எல்லோரும் சிரித்த இடம் அது. இந்த ஊர்க் குசினிகளிலேயே தலை நரைத்த என் மச்சான் மட்டும் முகத்தைச் சுளித்தான். "உந்த மயிரெல்லாம் ஃபில்டரில அடைச்சிருக்கும், இனி அதை ஆர் கழட்டிக் கழுவுறது?"