15 நொடி தோட்டாவும் தீராத லேசரும்

விண்வெளிப் போர்க் காட்சி என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரசிக்கத் தெரியாதவன் என்று பாய்ந்துவிடுவீர்கள். 'வெட்டவெளியில் சத்தம் எப்படிக் கேட்கும்' என்கிற பழைய நக்கலும் எனக்கு வேண்டாம். கேட்டுவிட்டுப் போகட்டும். சண்டை போடும் விதத்தில்தான் எனக்குச் சண்டை.

இந்தக் காட்சிகள் எங்கிருந்து வந்தன என்பது ஊரறிந்த கதை. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸில் விண்கலச் சண்டைகள் தயாராவதற்கு முன்பு, இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைத் துண்டுகளை ஒட்டிவைத்துத்தான் தன் குழுவுக்கு விளக்கினார். கலம் இப்படிச் சாயணும், இப்படிப் பாயணும் என்று. காற்றே இல்லாத இடத்தில் இறக்கையைச் சாய்த்துத் திரும்பும் வழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதுவும் போகட்டும், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் விமானத்தை எடுத்துக்கொண்டவர்கள் விமானியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

கதைகளில் வரும் வீரன் எதிரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் சுற்றுவான், நடுவில் பேசுவான், சிரிப்பான். நிஜத்தில் பேர் வாங்கிய விமானிகள் இந்த வட்டமடிக்கும் வேலையை முடிந்தவரை தவிர்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் விமானி எரிக் ஹார்ட்மன் வீழ்த்திய கணக்கில் 352 விமானங்கள். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த எண்ணிக்கை கிடையாது. (நாஜி ஜெர்மனிக்காகப் பறந்தவர். அதை மறந்துவிட்டு அவரைக் கொண்டாட எனக்கு மனம் வராது, ஆனால் தொழில் தெரிந்தவர்.) அவர் முறை நாலே வார்த்தை: பார், முடிவெடு, தாக்கு, விலகு. எதிரி விமானம் முன்கண்ணாடி முழுவதையும் அடைக்கும் அளவுக்கு நெருங்கிப்போய் ஒரு சின்னச் சுடுதல், உடனே ஓட்டம். சுடப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குத் தன்னைச் சுட்டது யார் என்றே தெரிந்திருக்காது. இதைப் படமாக எடுத்தால் காட்சி நாலு நொடியில் முடிந்துவிடும், நாயகனும் கொஞ்சம் கோழை மாதிரி தெரிவான். தயாரிப்பாளர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. முதல் உலகப் போர் நடந்த 1916-லேயே ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்க்கே இதையெல்லாம் விதிகளாக எழுதிவைத்தார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், உயரத்திலிருந்து இறங்கு, கிட்டே போகாமல் சுடாதே. 40 விமானங்களை வீழ்த்திய அந்த மனிதர் அதே வருடம் அக்டோபரில் இறந்தார். எதிரி சுட்டு இல்லை. இருவரும் ஒரே எதிரி விமானத்தைத் துரத்தும்போது சொந்தத் தோழரின் விமானச் சக்கரம் அவருடைய மேல் இறக்கையில் உரசிவிட்டது. திரையில் நூறு கலங்கள் கொசுக்கூட்டம் போலப் பறக்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஒன்றுகூட இன்னொன்றின் மேல் உரசாது!

அப்புறம் தோட்டா. 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு எட்டுத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 15 நொடியில் எல்லாம் காலி. அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எதிரே வந்த ஜெர்மன் போர் விமானம் மெசர்ஷ்மிட் 109-க்கோ லண்டன் வானத்தில் நின்று சண்டை போட ஏறக்குறைய 10 நிமிட எரிபொருள்தான் மிச்சமிருக்கும். இரண்டு பக்கமும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் பறந்தார்கள். கதையில் லேசர் தீரவே தீராது. எரிபொருள் மட்டும் கதாசிரியருக்குத் தேவைப்படும் நேரத்தில் சரியாகத் தீரும்.

காயத்தையும் சொல்லணும். 1942 ஆகஸ்டில் பசிபிக் தீவான குவாடல்கனால் மேலே ஜப்பானிய விமானி சபுரோ சகாய் ஒரு கூட்டத்தைப் பின்னாலிருந்து நெருங்கினார், போர் விமானங்கள் என்று நினைத்து. அவை குண்டுவீச்சு விமானங்கள். பின்னிருக்கைத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துத் திரும்பின. தலையில் அடி, வலக்கண் பார்வை போச்சு, இடப்பக்கம் செயலிழந்தது. அந்த நிலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தனியாக ஓட்டித் தன் தளமான ரபவுல் வந்து சேர்ந்தார். விண்வெளிக் கதைகளில் அடிபட்டவன் ஒன்று வெடித்துச் சிதறுவான், இல்லாவிட்டால் நெற்றியில் ஒரு கீறலோடு அடுத்த காட்சிக்கு வருவான். நடுவில் இருக்கும் அந்த ஐந்து மணி நேரம் யாருக்கும் வேண்டாம். எனக்கு அதுதான் வேண்டும்.

முதல் சண்டையிலேயே சாதிக்கும் சின்னப் பையன் கதையை மட்டும் நான் முழுசாக மறுக்க மாட்டேன். முதல் உலகப் போரில் பிரிட்டன் பக்கம் பறந்த இந்திய விமானி இந்திரலால் ராய் இருக்கிறாரே. விபத்தில் அடிபட்டு, பறக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டு, அடம்பிடித்துத் திரும்பி வந்தவர். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றி. ஜூலை 22 அன்று சண்டையில் இறந்தபோது வயது 19. திறமையைக் கதைகள் மிகைப்படுத்தவில்லை, அதற்குப் பிறகு கிடைக்கும் ஆயுளைத்தான் மிகைப்படுத்துகின்றன.

சரி, நிஜ விண்வெளியில் சண்டை நடந்தால்? 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் விண்வெளி வீரர் ஜேம்ஸ் மெக்டிவிட் தன் ராக்கெட்டிலிருந்து கழன்று மிதந்த பாகத்தை நெருங்கப் பார்த்தார். விமானி புத்தி, அதை நோக்கி மூக்கைத் திருப்பி உந்தினார். கிட்டே வருவதற்குப் பதில் விலகிப் போனது. எரிபொருள் பாதியளவுக்குக் கரைந்ததும் முயற்சியைக் கைவிட்டார்கள். சுற்றுப்பாதையில் முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கணும். கீழ்ப்பாதையில் சுற்று சீக்கிரம் முடிவதால் தானாகவே அவனை எட்டிவிடலாம். துரத்துகிறவன் பிரேக் போட்டால்தான் ஜெயிப்பான்! இதைவிட விறுவிறுப்பான துரத்தலை யார் யோசிக்க முடியும்? எரிபொருள் முள் இறங்க இறங்க, கணக்குப் போட்டபடி ஒருத்தன் அப்படித் துரத்தும் படத்தை யாராவது எடுங்கள், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருகிறேன்.