குளம் வேண்டாம், மண் போதும்

பிள்ளைகளுக்காகக் கொல்லைப்புறத்தில் புல்தரையும் சின்னக் குளமும் அமைக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. படத்தில் அழகுதான். ஆனால் சென்னை மடிப்பாக்கத்தில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பத்தடி இடம் வைத்திருக்கும் எங்களுக்குக் குளம் என்றால் கொசு. தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட்டால் 7, 10 நாளில் பறக்க ஆரம்பித்துவிடும். புல்லோ மே மாத வெயிலில் கருகிவிடும்.

நாங்கள் வேப்ப மர நிழலில் செங்கல் அடுக்கி மண் கொட்டினோம், அவ்வளவுதான். ஓரத்தில் வெண்டை விதைத்தோம். முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தே பாதியைக் கெடுத்துவிட்டாள் பேத்தி. சரி, மறுபடி போட்டோம். அப்புறம் கறிவேப்பிலைச் செடி. அதில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் புழுவுக்கு மருந்தடித்துவிடாதீர்கள். வளர வளரப் பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வரும். அது சிறகை உலர்த்திக்கொண்டிருந்த காலையில் பேத்தி பள்ளி வேனைக் கோட்டைவிட்டாள்.

அந்தக் கட்டுரை எச்சரிக்காமல் விட்டது அரளியைப் பற்றி. மதிலோரம் பூஜைக்கென்று வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்; இலை, பூ, விதை எல்லாமே விஷம். முருங்கைக் கிளையில் ஊஞ்சலும் வேண்டாம், பட்டென்று ஒடியும்.