சுவர் டைல்ஸ் சமையல் மேடைக்கு ஆகாது

"மேலே பளபளப்புப் பூச்சு இருந்தால் தண்ணீர் இறங்காது, அதனால் சுவருக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸையே மேடைக்கும் ஒட்டலாம்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். யாரும் இதை நம்பிச் செய்துவிட வேண்டாம்.

பூச்சு தண்ணீரை விடாது, சரி. ஆனால் அடியில் இருக்கும் மண் உடம்பு குடிக்கும். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். அதிக சூட்டில் சுட்டுக் கண்ணாடிபோல் இறுகிய விட்ரிஃபைட் டைல்ஸில் அது 0.5 சதவீதத்துக்குள்தான். சிங்க்குக்காக வெட்டிய ஓரத்தில் பூச்சே கிடையாது, ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். அப்புறம், குக்கரோ தேங்காயோ கைதவறி விழுந்தால் மெல்லிய சுவர் டைல்ஸ் சில்லு பெயர்ந்துவிடும். உள்ளிருக்கும் மண் நிறம் பல்லிளிக்கும். உடம்பு முழுக்க ஒரே நிறமான ஃபுல் பாடி விட்ரிஃபைடில் சில்லு போனாலும் அவ்வளவாகத் தெரியாது.

கடையிலேயே சோதிக்கலாம். டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே இழுத்துக் கருத்தால் அது சுவருக்கு மட்டும்.

குளியலறை வாஷ்பேசின் மேடையில் அடிபடுவது குறைவு, ஆனால் ஈரம் ஓயாது. அங்கும் விட்ரிஃபைடே நல்லது.

இன்னொன்று, டைல்ஸ் எவ்வளவு நல்லதானாலும் இணைப்பில் சிமென்ட் கிரௌட் (இடைவெளியை அடைக்கும் கலவை) போட்டால் மஞ்சளும் எண்ணெயும் அதில் ஊறும், எலுமிச்சையும் வினிகரும் அதை அரிக்கும். செலவு கூடினாலும் பிசின் வகையான எபாக்ஸி கிரௌட் கேளுங்கள்.