மதிலுக்கு முன்பே தண்ணீர்

ஜெருசலேமில் உஸ்மானியப் பேரரசர் சுல்தான் சுலைமான் எழுப்பிய நகர மதிலை (1537–41) உங்கள் கட்டுரையில் அழகாக விவரித்திருக்கிறீர்கள். தண்ணீரையும் சேர்த்திருக்கலாம். 1536–37இலேயே ஆறு பொதுக் குடிநீர்த் தொட்டிகள் எழுந்துவிட்டன. அல்-அக்ஸா வளாகத்தின் பாபுஸ் ஸில்ஸிலா (சங்கிலி வாசல்) அருகே இருப்பதைக் கிட்டத்தில் பாருங்கள்: நீர் விழும் தொட்டி பழைய ரோமானியக் கல்சவப்பெட்டி, மேலே சிலுவைப்போர்க் காலத்து வட்டச் சன்னல்.

தண்ணீர் வந்தது பெத்லகேம் பக்கத்துச் சாலமோன் குளங்களிலிருந்து. மலைச்சரிவையொட்டி வளைந்து வரும் கால்வாய் சுமார் 21 கி.மீ.; மொத்த இறக்கமோ ஏறக்குறைய 30 மீட்டர்தான், அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய சரிவில் கொஞ்சம் வண்டல் படிந்தாலே நீர் தேங்கிவிடும். வழியில் யாராவது வாய்க்காலை உடைத்து வயலுக்குத் திருப்பினால் நகரம் வறண்டது. அதனால்தான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளக்கரையிலேயே காவல்கோட்டை கட்டினார்கள்.